காப்பு நகல் தவறுவது ஏன்?
இரட்டிப்பு நீக்கிய சேமிப்பில் எழும் சிக்கல்களும் தீர்வுகளும்

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், மும்பை சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு கரைபுரண்டது. குர்லா, சயான், தாராவி, செம்பூர் ஆகியவற்றின் தாழ்ந்த பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பாத்திரமும் பாயும் போனால் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். தகரப்பெட்டிக்குள் நனைந்து கூழாகிப்போன ரேஷன் அட்டையையும் மின்கட்டண ரசீதையும் கடையில் வாங்க இயலாது. 2012-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், மகாராஷ்டிர அரசின் தலைமைச் செயலகமான மந்த்ராலயாவின் நான்காம் மாடியில் பற்றிய தீ மேல்மாடிகளுக்கும் பரவி உயிர்களைப் பலி கொண்டது. பல துறைகளின் கோப்புகள் சாம்பலாயின. ஒரே ஒரு பிரதியாக இருக்கும் காகிதம் எவ்வளவு பலவீனமானது என்பதை நீரும் நெருப்பும் இவ்வாறு உணர்த்தின.

இதற்குப் பரிகாரமாகக் கணினிப் பதிவு வந்தது. ஆவணங்கள் ஸ்கேன் செய்யப்பட்டுச் சர்வர்களில் ஏற்றப்பட்டன. எனினும், காகிதம் சர்வருக்குள் சென்றுவிட்டதனால் மட்டுமே ஆபத்து நீங்கிவிடவில்லை. தகரப்பெட்டி இருந்த இடத்தில் இரும்புப்பெட்டி வந்துள்ளது, அவ்வளவே. அதில் இருப்பதற்கு வேறோர் இடத்தில் இரண்டாவது நகல் உண்டா, அந்த நகலிலிருந்து மூலத்தை மீட்க முடியுமா என்னும் கேள்விகள் அப்படியே நிற்கின்றன. இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக அண்மைக் காலத்தில் பரவலாகக் கையாளப்படும் ‘இரட்டிப்பு நீக்கம்’ என்ற முறை இக்கேள்விகளை மேலும் கூர்மையாக்கியிருக்கிறது. இம்முறையில் காப்பு நகல் எடுப்பது ஏன் தவறுகிறது, தவற்றை எவ்வரிசையில் கண்டறிவது, எவ்வாறு திருத்துவது என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆவணமே உரிமை

பொருளின் முக்கியத்துவத்தை உணரத் தாராவியைப் பார்த்தாலே போதும். சுமார் 240 ஹெக்டேர் பரப்புள்ள இப்பகுதியில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் தொழிலாளர்களும், பிற மாநிலத்து மக்களும் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்கான வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு, 2024-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் கமலா ராமன் நகரில் தொடங்கியது. திட்ட விதிமுறைகளின்படி, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு விலையின்றிக் கிடைக்கும். அதன் பின்னர் 2011-ஆம் ஆண்டு ஜனவரி 1 வரை குடியேறியவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, 2.5 லட்சம் ரூபாய்க்குக் கிடைக்கும்.

எனவே, ஒரு குடும்பம் தாராவியில் இருக்குமா, வெளியே செல்லுமா என்பதை ஒரு தேதி முடிவு செய்கிறது. அந்தத் தேதியை மெய்ப்பிப்பது வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது போன்ற ஆவணங்களே. இத்தகைய ஆவணங்கள் எங்கெங்கு கணினியில் சேமிக்கப்படுகின்றனவோ, அங்கெல்லாம் சர்வரைப் பராமரிப்பவர் வெறும் இயந்திரக் காவலர் அல்லர். பிறர் உரிமையின் காவலரும் ஆவார்.

இரட்டிப்பு நீக்கம் என்பது என்ன?

ஓர் அலுவலகத்தின் கோப்புகளைக் கூர்ந்து நோக்கினால், ஒரே செய்தி பல இடங்களில் திரும்பத் திரும்ப இடம்பெற்றிருப்பதைக் காணலாம். ஒரே சுற்றறிக்கை நாற்பது ஊழியர்களின் உறைகளில் இருக்கும். ஒரே படிவம் ஆயிரம் விண்ணப்பங்களில் வரும். இவை அனைத்தையும் தனித்தனியே சேமிப்பது இடத்தை வீணாக்குவதாகும். இரட்டிப்பு நீக்க முறையில் கோப்புகள் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரே மாதிரியான துண்டு பல கோப்புகளில் வந்தாலும் அது ஒரே ஒரு முறைதான் சேமிக்கப்படும். ஒவ்வொரு கோப்பின் இடத்திலும், எந்தெந்தத் துண்டுகளை எவ்வரிசையில் சேர்த்தால் அக்கோப்பு உருவாகும் என்ற குறிப்பு மட்டும் எஞ்சும்.

இதனைப் பொதுத் தானியக் கிடங்கோடு ஒப்பிடலாம். நூறு உழவர்கள் ஒரே ரக நெல்லைக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு ரசீது பெற்றுச் செல்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் இருப்பது ரசீது. நெல் இருப்பது கிடங்கில். இரட்டிப்பு நீக்கிய தொகுதியில் பயனாளரின் கண்ணுக்குத் தெரியும் கோப்பு அத்தகைய ரசீதே. உள்ளடக்கம் மறைவான துண்டுக் கிடங்கில் உள்ளது. இந்த ஓர் உவமையை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னர் கூறப்படும் தவறுகளில் பெரும்பாலானவை எளிதில் விளங்கும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இவ்வசதியை விண்டோஸ் சர்வர் 2012 பதிப்பில் அறிமுகப்படுத்தியது. அதில் துண்டின் அளவு 32 முதல் 128 கிலோபைட் வரை மாறுபடும். பொதுவான அமைப்பில் மூன்று நாள்களுக்கு மேல் மாறாமலிருக்கும் கோப்புகளே துண்டாக்கப்படுகின்றன. துண்டுக் கிடங்கு, ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்னும் மறைவான உறைக்குள் அமைந்திருக்கும். பொதுக் கோப்புத் தொகுதிகளில் 50 முதல் 60 சதவீதம் வரை இடம் மிச்சமாகும் என்று அந்நிறுவனம் குறிப்பிடுகிறது. வேறு நிறுவனங்களின் சேமிப்புக் கருவிகளில் பெயர்களும் அளவுகளும் மாறினாலும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டு

மாட்டுங்காவில் பல கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் கணக்குகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கத்திற்காகக் கீழ்க்காணும் அளவுகளைக் கொள்ளலாம்.

கோப்புகளின் முழு அளவு: 3,600 ஜிகாபைட்.
இரட்டிப்பு நீக்கிய பின் வட்டில் கொள்ளும் இடம்: 1,500 ஜிகாபைட்.
சர்வர் தொகுதியின் கொள்ளளவு: 2,000 ஜிகாபைட்.
காப்பு நகலுக்காக வாங்கிய வட்டு: 2,000 ஜிகாபைட்.

மிச்சமான இடம் 2,100 ஜிகாபைட். அதாவது சுமார் 58 சதவீதம். ‘2,000 கொள்ளும் தொகுதிக்கு 2,000 கொள்ளும் காப்பு வட்டு போதும்’ என்று கருதுவது இயல்பே. அது சரியா தவறா என்பது காப்பு நகல் எடுக்கப்படும் வழியைப் பொறுத்தது.

வழிகள் இரண்டு உண்டு. முதலாவது, தொகுதி முழுவதையும் வட்டில் உள்ளவாறே, ரசீதுகளையும் கிடங்கையும் ஒருசேர, நகல் எடுப்பது. இதற்கு 1,500 ஜிகாபைட் போதும். மீதமுள்ள 500 பழைய நகல்களுக்கு உதவும். இரண்டாவது, கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்து நகல் எடுப்பது. அவ்வாறு படிக்கும்போது துண்டுகள் மீண்டும் சேர்க்கப்பட்டு முழுக் கோப்பாகவே வெளிவரும். எனவே 3,600 ஜிகாபைட் தேவை. வட்டு நிரம்பியதும் பாதி வழியில் பணி நின்றுவிடும்.

தவறுகள் தோன்றும் இடங்கள்

முதலாவது, மேலே கண்ட அளவுப் பொருத்தமின்மை. கோப்பு வாரியாக நகல் எடுக்கும் மென்பொருளை வைத்துக்கொண்டு, சுருங்கிய அளவுக்கு ஏற்ப வட்டு வாங்குவது பரவலாகக் காணப்படும் பிழை.

இரண்டாவது, கிடங்கை விட்டுவிட்டு ரசீதுகளை மட்டும் நகல் எடுப்பது. மறைவான உறைகளையும் இயக்க அமைப்பின் உறைகளையும் தவிர்க்குமாறு நகல் மென்பொருளுக்குக் கட்டளையிடுவது வழக்கம். குறிப்புகளை உள்ளவாறே நகலெடுக்கும் மென்பொருளில் இக்கட்டளை இருந்தால், துண்டுக் கிடங்கு முழுவதும் விடுபட்டுப் போகும். இதில் உள்ள ஆபத்து என்னவெனில், பணி வெற்றி என்றே அறிக்கை வரும். கோப்புகளின் பெயர்களும் அளவுகளும் தேதிகளும் சரியாகவே தோன்றும். திறக்க முற்படும் நாளில்தான் உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரியவரும்.

மூன்றாவது, நிழல் நகலுக்கு இடம் போதாமை. சர்வர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே காப்பு நகல் எடுப்பதற்காக, ஒரு குறிப்பிட்ட நொடியில் தொகுதி இருந்த நிலையை அமைப்பு நிலைநிறுத்திக்கொள்கிறது. இதுவே நிழல் நகல். அதன் பிறகு மாறும் ஒவ்வொரு பகுதியின் பழைய வடிவமும் தனியே ஒதுக்கிய இடத்தில் சேர்த்து வைக்கப்படும. இரட்டிப்பு நீக்கப் பணி அதே நேரத்தில் நடந்தால், பயனாளர் ஒருவரும் எதையும் எழுதாதபோதும் வட்டின் பெரும்பகுதி மாறுகிறது. ஒதுக்கிய இடம் விரைவில் நிரம்புகிறது; நிழல் நகல் கைவிடப்படுகிறது; காப்பு நகலும் நின்றுபோகிறது.

நான்காவது, கால அட்டவணை மோதல். விண்டோஸ் சர்வரின் பொதுவான அமைப்பில் துண்டாக்கும் பணி மணிக்கொருமுறை நடைபெறும். யாருக்கும் தேவைப்படாத துண்டுகளை அகற்றும் பணி சனிக்கிழமை அதிகாலை 2.35 மணிக்கும், துண்டுகளின் நலத்தைச் சரிபார்க்கும் பணி 3.35 மணிக்கும் தொடங்கும். வார இறுதி அதிகாலையே அமைதியான நேரம் என்று எண்ணி அதே வேளையில் முழுக் காப்பு நகலையும் அமைத்துவிட்டால் மூன்று பணிகளும் ஒரே வட்டுக்குப் போட்டியிடும். மேலும், கழிவகற்றலின்போது கிடங்கு மறுசீரமைக்கப்படுவதால், மாறியவற்றை மட்டும் எடுக்கும் அன்றாட நகல்கூட அதனையடுத்த முறை திடீரெனப் பெருத்துவிடும்.

ஐந்தாவது, துண்டுக் கிடங்கில் ஏற்படும் சிதைவு. வட்டின் ஓரிடத்தில் பழுது ஏற்பட்டால் சாதாரணத் தொகுதியில் ஒரு கோப்பு கெடும். இரட்டிப்பு நீக்கிய தொகுதியிலோ, அத்துண்டை நம்பியுள்ள அத்தனை கோப்புகளும் கெடும். இதனைக் கருதியே, நூறு முறைக்கு மேல் பயன்படும் துண்டுகளுக்கு விண்டோஸ் சர்வர் கூடுதலாக ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறது. தொண்ணூறு கோப்புகளுக்குப் பொதுவான துண்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தொகுதியை உள்ளவாறே எடுக்கும் நகல், சிதைந்த துண்டையும் சிதைந்தவாறே எடுத்துச் செல்லும். கோப்பு வாரியாக எடுக்கும் நகலோ, அக்கோப்பைப் படிக்க இயலாது என்று கூறி நிற்கும். அந்த வகையில், தவறிய காப்பு நகல் சில வேளை மூலத்தில் உள்ள நோயை முன்னறிவிக்கிறது. எச்சரிக்கையைத் தொந்தரவாகக் கருதி அடக்கிவிடுவது பெருந்தவறாகும்.

கண்டறியும் வரிசை

காப்பு நகல் தவறியவுடன் சர்வரை அணைத்து மீண்டும் இயக்குவதும், அதே பணியை மறுபடியும் தொடங்குவதும் பழக்கமாகிவிட்டன. சில வேளைகளில் இது பலனளிப்பது போலத் தோன்றினாலும் காரணம் மறைந்தே இருக்கும். கீழ்க்காணும் வரிசையில் ஆராய்வது நலம்.

(1) நிகழ்வுப் பதிவேடுகளைப் படித்தல். காப்பு நகல் மென்பொருள், நிழல் நகல் சேவை, இரட்டிப்பு நீக்கச் சேவை ஆகிய மூன்றின் பதிவேடுகளையும் நேர வரிசையில் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில், ஒரே வேளையில் தவறு நேர்ந்தால் அது கால அட்டவணை மோதலைச் சுட்டும். எந்த நாளானாலும் ஏறத்தாழ ஒரே அளவு எழுதப்பட்டபின் நின்றால் அது இடப் பற்றாக்குறை. ஒரே கோப்பின் பெயரிலேயே நின்றால் அது சிதைவு.

(2) மூன்று அளவுகளைக் குறித்தல். கோப்புகளின் முழு அளவு, வட்டில் கொண்டுள்ள அளவு, காப்பு வட்டின் காலியிடம் ஆகிய மூன்றையும் எழுதி வைத்தால் முதல் வகைப் பிழை உடனே வெளிப்படும்.

(3) நிழல் நகலின் நிலையைப் பார்த்தல். அதற்கு ஒதுக்கிய இடம் எவ்வளவு, அதில் பயன்பட்டது எவ்வளவு, அச்சேவையோடு ஒத்துழைக்க வேண்டிய உறுப்புகளில் ஏதேனும் தோல்வி நிலையில் உள்ளதா என்று கவனிக்க வேண்டும். தோல்வி நிலையில் உள்ள உறுப்புக்கு உரிய சேவையை மட்டும் மீண்டும் தொடங்குவது, சர்வர் முழுவதையும் நிறுத்துவதைவிட மேலானது.

(4) பணிகளைப் பிரித்து வைத்தல். துண்டாக்கல், கழிவகற்றல், நலச் சரிபார்ப்பு ஆகியவை முடிந்த பின்னரே காப்பு நகல் தொடங்குமாறு நேரம் அமைக்க வேண்டும். இரவில் எட்டு மணி நேரம் கிடைக்குமானால் அதனை இவற்றிற்கிடையே பங்கிட வேண்டும்.

(5) விலக்குப் பட்டியலைச் சோதித்தல். துண்டுக் கிடங்கு அமைந்துள்ள உறை நகலில் சேர்க்கப்படுகிறதா, மென்பொருள் இரட்டிப்பு நீக்கத்தை அறிந்து செயல்படுவதா என்பதை அதன் கையேட்டைக் கொண்டு உறுதி செய்ய வேண்டும்.

(6) கிடங்கின் நலத்தை ஆராய்தல். சரிபார்ப்புப் பணியை உடனடியாக நடத்தி, சிதைவு காணப்பட்டால் முந்தைய நல்ல நகல் எது என்பதைத் தீர்மானிக்கும் வரை பழைய நகல்கள் எதையும் அழிக்காமலிருக்க வேண்டும்.

(7) திருத்தியபின் புதிதாக ஒரு முழு நகல் எடுத்து, அதிலிருந்து மீட்டுப் பார்த்தல்.

செய்யத் தகாதவை

நெருக்கடியில் செய்யப்படும் மூன்று காரியங்கள் சிறு தவற்றைப் பேரிழப்பாக மாற்றவல்லவை. வட்டு நிரம்பிவிட்டதே என்று பார்க்கையில், மறைவான ஓர் உறை மட்டும் 1,500 ஜிகாபைட்டை அடைத்துக்கொண்டிருப்பதும், கோப்புகளோ ஏறத்தாழ இடமே கொள்ளாதிருப்பதும் தெரியும். அவ்வுறையைக் குப்பை என்று கருதி அழித்தால், ரசீதுகள் மட்டும் எஞ்சும், நெல் போய்விடும். இது முதலாவது.

இரண்டாவது, சிக்கலுக்கெல்லாம் இரட்டிப்பு நீக்கமே காரணம் என்று முடிவு செய்து, எல்லாக் கோப்புகளையும் பழைய வடிவத்துக்குத் திருப்ப முற்படுவது. 2,000 கொள்ளும் தொகுதியில் 3,600 ஜிகாபைட் விரிய முடியாது. பாதியில் தொகுதி நிரம்பி அலுவலகப் பணி முழுவதும் நின்றுவிடும்.

மூன்றாவது, இயங்கிக்கொண்டிருக்கும் தொகுதியின் துண்டுக் கிடங்கின் மேல் பழைய நகலிலுள்ள கிடங்கின் ஒரு பகுதியை எழுதுவது. அவ்வாறு செய்தால் புதிய ரசீதுகளும் பழைய நெல்லும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். கிடங்கை மீட்பதாயின் தொகுதி முழுவதையும் மீட்க வேண்டும். இல்லையேல் தேவையான கோப்புகளை மட்டும் முழுக் கோப்புகளாக வேறோர் இடத்தில் மீட்டெடுக்க வேண்டும்.

மீட்கும் வழியில் உள்ள தடைகள்

காப்பு நகல் எடுப்பதில் செலுத்தும் கவனம் மீட்பதில் செலுத்தப்படுவதில்லை. மேற்கூறிய மாட்டுங்கா அலுவலகம் பெரிய வட்டு ஒன்று வாங்கி, 3,600 ஜிகாபைட்டையும் கோப்பு வாரியாகச் சேமித்துவிட்டது என்று கொள்வோம். ஒரு நாள் சர்வர் தொகுதி முற்றிலும் கெடுகிறது. அதே 2,000 ஜிகாபைட் அளவில் புதிய தொகுதி பொருத்தப்படுகிறது. நகல் முழுமையாக உள்ளது. ஆயினும் திரும்ப வைக்க இடமில்லை. பகுதி பகுதியாக மீட்டு, இடையிடையே இரட்டிப்பு நீக்கி, மீண்டும் தொடர வேண்டும். அல்லது தற்காலிகமாகப் பெரிய தொகுதி வேண்டும். இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்க்காவிடில், ஒரு நாளில் முடியவேண்டிய பணி பல நாள்கள் நீளும்.

தொகுதியை உள்ளவாறே நகலெடுத்தவர்க்கும் ஒரு நிபந்தனை உண்டு. மீட்கும் சர்வரில் இரட்டிப்பு நீக்க வசதி நிறுவப்பட்டிருக்க வேண்டும். அது மூல சர்வரைவிடப் பழைய பதிப்பாகவும் இருத்தல் கூடாது. இல்லாவிடில் ரசீதைப் படிக்கத் தெரியாத கிடங்குக் காவலரிடம் ரசீதை நீட்டியது போலாகும்.

காப்பு வட்டையே இரட்டிப்பு நீக்கம் செய்து வைப்பதும் உண்டு. ஏழு நாள்களின் நகல்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பதால் மிகுந்த இடம் மிச்சமாகும். அது நியாயமான சிக்கனமே. ஆனால், பட்டியலில் ஏழு நகல்கள் காணப்பட்டாலும் அவை அனைத்தும் ஒரே கிடங்கை நம்பியுள்ளன என்பதை மறத்தலாகாது. பாதுகாப்பு என்ற கணக்கில் அவை ஏழல்ல, ஒன்றே. ஆகவேதான் மூன்று நகல்கள், இரு வேறு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு ஊரில் என்ற பொது விதி வலியுறுத்தப்படுகிறது.

நிகழ்ச்சிகள் புகட்டும் பாடம்

தாராவியை அடுத்து, மித்தி ஆற்றுக்கு மறுகரையில் பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் உள்ளது. அங்குள்ள தேசியப் பங்குச் சந்தையில் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் காலை 11.40 மணிக்கு வர்த்தகம் நின்றது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் ஏற்பட்ட கோளாற்றையடுத்து, முதன்மைச் சேமிப்பமைப்பு சர்வர்களுக்கு எட்டாததாயிற்று. சென்னையில் மாற்று மையம் இருந்தும் அன்று வர்த்தகம் அங்கு மாற்றப்படவில்லை. பிற்பகல் 3.45 மணிக்குத்தான் சந்தை மீண்டும் திறந்தது. மாற்று ஏற்பாடு இருப்பது வேறு, தேவையான நேரத்தில் அது பயன்படுவது வேறு என்பதை இந்நிகழ்ச்சி விளக்கிற்று. பின்னர், 2024-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள், விடுமுறையான சனிக்கிழமையில் சந்தை சிறப்பு அமர்வாகத் திறக்கப்பட்டது. முதல் அமர்வு முதன்மை மையத்திலிருந்தும் இரண்டாவது அமர்வு மாற்று மையத்திலிருந்தும் உண்மையான வர்த்தகமாகவே நடத்தப்பட்டன. ஒத்திகை என்பதன் முழுப் பொருள் இதுவே.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் சர்வர்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. நோயாளிகளின் பதிவும் பரிசோதனை முடிவுகளும் பல நாள்கள் கையாலேயே எழுதப்பட்டன. ஆயினும், தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு காப்பு சர்வரிலிருந்து மருத்துவமனைத் தரவுகளை மீட்க முடிந்தது. விலகி நின்ற ஒரு நகல் கைகொடுத்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி தென்கொரியாவில் நடந்தது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் தேஜோன் நகரிலுள்ள தேசியத் தரவு மையத்தில் மின்கலங்களில் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தங்கள் பணிக் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் தொகுதி அழிந்தது. அளவு மிகப் பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளி நகல் வைக்கப்பட்டிருக்கவில்லை. நகல் எடுக்க இயலாத அளவுக்குப் பெரிதாகிவிட்ட தொகுதிக்கே நகல் மிகவும் தேவை என்பது இதிலிருந்து பெறத்தக்க பாடம்.

சிக்கனத்தின் எல்லை

இரட்டிப்பு நீக்கத்தைக் குறைகூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. பொதுப் பணத்தில் வாங்கும் வட்டில் பாதியை மிச்சப்படுத்துவது வரவேற்கத்தக்கதே. ஆனால், எந்தச் சிக்கனத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. சேமிப்பில் ஒரே பொருளின் பல பிரதிகள் இருந்தபோது, திட்டமிடாமலேயே ஒரு பாதுகாப்பும் இருந்தது. ஒருவர் கோப்பு கெட்டால் மற்றவரிடம் கேட்டுப் பெறலாம். இரட்டிப்பு நீங்கியதும் அந்தப் பாதுகாப்பும் நீங்கியது. எனவே, மிச்சமான பணத்தின் ஒரு பகுதியைத் திட்டமிட்ட பாதுகாப்புக்குச் செலவிடுவது புதிய செலவாகாது. இழந்த ஒன்றை ஈடுசெய்வதே ஆகும். உணவு தானியத்தில் மையக் கையிருப்பு வைத்திருக்கும் நாடு இந்த நியாயத்தை எளிதில் புரிந்துகொள்ளும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. வட்டு வாங்காமல் பணத்தை மிச்சப்படுத்துவது அலுவலகம். ஆவணம் அழிந்தால் நட்டம் அடைவது அந்த அலுவலகம் அன்று. 1998-இல் தாராவியில் குடியிருந்ததை மெய்ப்பிக்க வேண்டிய குடும்பமும், செம்பூரில் ஓய்வூதியத்தை எதிர்நோக்கும் முதியவரும் ஆவர். சேமிப்பின் பயன் ஒருவருக்கும், ஆபத்து மற்றொருவருக்கும் செல்லும் இடத்தில், சிக்கனம் தானாகவே அளவுக்கு மீறிச் செல்லும். அதனைக் கட்டுப்படுத்துவது விதியின் கடமை. விதியைச் செயல்படுத்துவது அதிகாரியின் கடமை.

அதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. மாதம் ஒரு முறை, காப்பு நகலிலிருந்து ஏதேனும் இருபது கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்த்து, முடிவைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடலாம். ஆண்டுக்கு ஒரு முறை தொகுதி முழுவதையும் மீட்டு, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று குறிக்கலாம். பணி மாற்றலாகும் அதிகாரி, பணப்பெட்டியின் சாவியோடு இப்பதிவேட்டையும் அடுத்தவரிடம் ஒப்படைக்கலாம். நகல் எடுக்கப்பட்டது என்று இயந்திரம் தரும் அறிக்கையைவிட, ‘இன்று இக்கோப்பு திறந்தது’ என்று ஒரு மனிதர் எழுதும் ஒரு வரி நம்பத்தக்கது.

வெள்ளத்தில் தகரப்பெட்டி நனைந்த குடும்பத்திற்கு, தன் காகிதத்தின் மறுபிரதி எங்கோ அரசிடம் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை ஒன்றே துணையாகும். அந்த நம்பிக்கைக்குப் பொருள் தருவது, சர்வர் அறையில் திங்கள்தோறும் தவறாது நடத்தப்படும் இச்சிறு சோதனையே.